பிரெட்டோரியா நீரூற்று கன்னிமாடத்துக்கு எதிராகச் செதுக்கப்பட்டதல்ல

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரில் உள்ள பிரெட்டோரியா நீரூற்றைப் பற்றி, "பலேர்மோ நகராட்சி, எதிரிலிருந்த சாந்தா கத்தரீனா மடத்துக் கன்னியரை அவமதிக்கவே அதன் நிர்வாணச் சிலைகளைச் செய்யச் சொன்னது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. சுவையான கதை என்பதற்காக அதைப் பரப்ப வேண்டாம்.

இந்த நீரூற்று பலேர்மோவுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. 1554இல் புளோரன்ஸில் லூயிஜி தி தொலேதோ என்ற ஸ்பானியப் பிரபு தன் சொந்தத் தோட்டத்துக்காக இதைச் செய்வித்தார். அவருடைய சகோதரி எலியோனோரா, புளோரன்ஸ் ஆட்சியாளர் கோசிமோ தி மெதிச்சியின் மனைவி. சிற்பி பிரான்செஸ்கோ கமில்லியானி. மரங்களுக்கு நடுவே, விருந்தினர் உலாவும் தனியார் தோட்டத்தில் கிரேக்க, ரோமானியத் தெய்வங்கள் ஆடையின்றி நிற்பது அக்காலத்தில் வெகு இயல்பு. அங்கே அவை யார் கண்ணையும் உறுத்தவில்லை.

1573இல் பலேர்மோ நகர ஆட்சி மன்றம் அதை விலைக்கு வாங்கியது. மறு ஆண்டு 644 துண்டுகளாகக் கழற்றப்பட்டுக் கப்பலில் வந்து சேர்ந்தது. எல்லாத் துண்டுகளும் வரவில்லை. சில வழியிலேயே சேதமடைந்தன. சதுக்கத்தில் இடம் போதாமல் வீடுகளை இடித்தார்கள். சிற்பியின் மகன் கமில்லோ வந்து, புதிய இடத்துக்கேற்ப அமைப்பை மாற்றி, விடுபட்டவற்றைச் சேர்த்து 1581 வாக்கில் முடித்தார். அந்த மகனின் உழைப்பை யாருமே குறிப்பிடாததுதான் எனக்கு வருத்தம்.

இந்த நீரூற்றுக்கு வழங்கும் "வெட்க நீரூற்று" என்ற பெயர் மக்கள் பின்னர் சூட்டியது. அதைச் சிற்பியின் நோக்கமாக்குவது அவருக்கு இழைக்கும் அநீதி.