கட்டைவிரலில் இருக்கிறதாம் சூட்சுமம்

"எல்லாம் கட்டைவிரல்லதான் இருக்கு" என்று தூண்டில் வீசுகிறதைப் பற்றி இனி யாராவது என்னிடம் வந்து சொல்லட்டும். அவர்கள் கட்டைவிரலை என்ன செய்கிறேன் பாருங்கள்.

பதினொன்று. இன்றைக்குக் காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் தூண்டில் லைனில் பதினொரு சிக்கு. ஒன்றுவிடாமல் எண்ணினேன். பின்னே, மீனா விழுந்தது எண்ணிக்கொண்டிருக்க?

பெய்ட்காஸ்டிங் ரீல், அதாவது வீசும்போது லைன் சுற்றிய உருளையே (ஸ்பூல்) சுழன்று லைனை விடுகிற தூண்டில் ரீல், வாங்கியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வாங்காதவர்கள் நன்றாக இருங்கள், அப்படியே இருங்கள்.

ஏழாவது வீச்சை மட்டும் சொல்கிறேன், வயிறு எரிகிறது. சென்னிமலைப் பக்கம் எங்கள் ஊர்க் குளம். ராடை, அதாவது தூண்டில் கம்பை, தோளுக்குப் பின்னால் கொண்டுபோகிறேன். ஸ்பூலை விடுவிக்கிற பட்டனை அழுத்தியாயிற்று, கட்டைவிரல் ஸ்பூல் மேல் இருக்கிறது. ராடு நுனியிலிருந்து ஒரு சாண் கீழே ரப்பர் தவளை தொங்குகிறது. பன்னிரண்டு கிராம். விராலுக்கு உயிராம். முந்தின ஆறு சிக்கையும் மறந்துவிட்டு, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு வீசுகிறேன். விர்ர்ர் என்று போகிறது. ஆகா, போகிறதே! நேராக அந்த ஆகாயத்தாமரைக் கூட்டத்தைப் பார்த்துப் போகிறது. அங்கேதான் விரால் கிடக்கும். குழம்புக்குப் புளி எவ்வளவு கரைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது எதிர்காற்று தவளையின் நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது. தவளை தயங்கியது. தவளை தயங்கிய சேதி ஸ்பூலுக்குத் தெரியாது. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே போக வழியில்லாத லைன் அடுப்பில் வைத்த பால்போல ரீலுக்குள் பொங்கியது. அந்த நேரத்தில் கட்டைவிரலால் லேசாக, பூவைத் தொடுகிற மாதிரி, ஸ்பூலைத் தடவ வேண்டுமாம். நான் தடவவில்லை. பதறிப்போய் அமுக்கினேன். டக்! லைன் அறுந்தது. அறுந்த தவளை மட்டும் யாருக்கும் கட்டுப்படாமல் பறந்துபோய்க் குளத்து நடுவில் விழுந்தது. என் ஆயுளில் அதுதான் ஆகத் தூரமான வீச்சு.

கையில் மிஞ்சியது ஒரு தூக்கணாங்குருவிக் கூடு.

கரையில் உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தேன். ஒரு வளையத்தை இழுத்தால் நாலு வளையம் இறுகுகிறது. ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருத்தர் கைத்தடியை ஊன்றி நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங் தம்பி, நூலுச் சிக்கெடுக்கறதுக்கா இத்தன தூரம் வந்தீங்க? ஊட்லயே எடுக்கலாமில்லீங்?"

என்ன பதில் சொல்வது? "ஆமாங்" என்றேன்.

ஒரு நீர்க்கோழி போய் என் தவளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நமக்கு எதுக்கு வம்பு என்று திரும்பிவிட்டது. அரைமணி நேரத்தில் தவளை மிதந்து மிதந்து என் காலடிக்கே வந்து சேர்ந்தது. ஆடி மாதம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து அம்மியைத் தூக்குகிற காற்று. நான் நின்றது கிழக்குக் கரை. அங்கேதான் வண்டி நிறுத்த வேப்பமர நிழல் இருந்தது. மேலக்கரைக்குப் போய்க் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வீசியிருந்தால் பாதிச் சிக்கு விழுந்திருக்காது. சரி, அது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி?

மீதிப் பாதி என் மாப்பிள்ளையின் தப்பு. அந்தச் சிநேகிதன் சொல்லித்தான் இந்தச் சனியனை வாங்கினேன். கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்றாம், கண்ணுக்கு ஒற்றிக்கொள்கிற மாதிரிப் பளபளப்பு. பக்கத்தில் ஒரு திருகு. பட்டனை அழுத்தினால் தவளை மெல்ல இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கிற அளவுக்கு அதை முறுக்க வேண்டும். முறுக்கினேன், நின்றது. மறுபக்கம் ஸ்பூல் வேகத்தை அடக்குகிற காந்த பிரேக். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. புதிதாகப் பழகுகிறவன் பத்தில் வைத்து ஆரம்பிக்க வேண்டும், பழகப் பழகக் குறைக்க வேண்டும். இவன் என்ன சொன்னான்? "பத்து சின்னப் பசங்களுக்கு மாப்ள, நாலுல வை." வைத்தேனே! முதலில் சாதாரண நைலான் நரம்பைப் போட்டுப் பழகு என்று ஊரெல்லாம் சொல்லும்போது இவன், "பிரெய்டு போடு மாப்ள, அதுதான் கெத்து" என்றான். போட்டேனே! பிரெய்டு என்றால் இழை பின்னிய லைன், அது முறுக்கி விழுந்தால் நகத்துக்குக்கூட இடம் கொடுக்காது. இத்தனைக்கும் அவன் இன்றைக்கு வரவில்லை. காதுகுத்தாம்.

சின்னச் சிக்குக்கு ஒரு வைத்தியம் உண்டு. ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை நாலு சுற்று சுற்றி, அப்புறம் லைனை இழுத்தால் கழன்று வரும். மூன்று முறை வந்தது, பொய் சொல்லக் கூடாது. மற்ற எட்டு முறை, ஊம்... இன்னும் இறுகியது.

பதினோராவதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில் போட்டேன். எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், நாற்பது வருஷம் போர்வைத் தறிக்குத் தார் (தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் குச்சி) சுற்றியவர். கத்தரிக்கோலை எடுக்கப் போன என்னை "இரு சாமி" என்று தடுத்து, ரீலை மடியில் வைத்துக்கொண்டார். இழுக்கவே இல்லை. கூட்டை நாலு பக்கமும் விரல் நுனியால் பிதுக்கிப் பிதுக்கிப் பூவாக்கினார். நடுவில் ஒரு வளையத்தை மட்டும் தூக்கினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இருபது அடி லைன் திண்ணையில் நேராகக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்: "இதேன் உருளையே சுத்துது? நாடாக்குள்ள தாரு சுத்துமா? தாரு சும்மா கெடக்கும், நூலுதான் நுனி வழியா உருவிட்டு வரும். உருளை சுத்துனா சிக்கு உழத்தான் செய்யும்."

தலையில் ஒரு கொட்டு வாங்கிய மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்த மாதிரி ரீல் இருக்கிறது! ஸ்பின்னிங் ரீல். ஸ்பூல் அசையாது, லைன் அதன் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு போகும். 1905-இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கிய ஆல்பிரட் இல்லிங்வொர்த், நெசவாலைத் தொழில் குடும்பத்துக்காரர். ஆலையில் நூல் உருவுகிற விதத்தைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனையே வந்ததாம். என்னுடைய சனியனின் கொள்ளுப்பாட்டனைச் செய்தது யார் தெரியுமா? 1820 வாக்கில் அமெரிக்காவில் கென்டக்கியில் இருந்த ஜார்ஜ் ஸ்னைடர். கடிகாரம் செய்கிறவர். கடிகாரக்காரருக்குச் சக்கரம் சுற்றினால் போதும், நூலைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் பிறந்து, தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்த நான், ஆலைக்காரர் ரீலை விட்டுவிட்டு, அதைவிட இரண்டு பங்கு காசு கொடுத்துக் கடிகாரக்காரர் ரீலை வாங்கியிருக்கிறேன். குறி வைத்துப் போட இதுதான் உசத்தி, பெரிய மீனை இழுக்க இதுதான் தெம்பு என்பார்கள். இருக்கட்டும். குறி வைக்க முதலில் தவளை ரீலை விட்டுக் கிளம்ப வேண்டுமே!

மீன் குழம்பு போச்சு, ராத்திரிக்கு இட்லி பார்சல் வாங்கப் போனேன். அங்கே மாஸ்டர் தலைக்கு மேலே ஒரு நூல்கண்டு தொங்குகிறது. அது சுற்றுகிறதா? இல்லை. சும்மா தொங்குகிறது. நூல் மட்டும் நுனி வழியாக உருவி வருகிறது, சர்ர்ர் என்று பொட்டலத்தைச் சுற்றுகிறார், ஒரு வெட்டு, அடுத்த பொட்டலம். சிக்கே கிடையாது. அவரைக் கும்பிடலாமா என்று நின்றேன்.

வீட்டுக்கு வந்து சாம்பார் கவரைப் பிரிக்கிறேன். நுனியைக் காணோம். இருபது சுற்றுச் சுற்றி, நுனியை எங்கேயோ உள்ளே சொருகியிருக்கிறார். நகம் போட்டுப் பார்த்தேன், பல் போட்டுப் பார்த்தேன். காலையிலிருந்து பதினொன்று எடுத்த கை, நடுங்குகிறது. கவர் பிய்ந்து பாதிச் சாம்பார் லுங்கியில். சரி, சட்னியாவது இருக்கிறதே என்று அதைப் பிரித்தால், அதற்கும் இருபது சுற்று, உள்ளே தேங்காய்ச் சட்னி ஒரு கரண்டிகூட இல்லை. ஆறு இட்லிக்கு! ஏன் சாமி, சட்னி இருக்கிறதைவிட நூல் அதிகமாக இருக்கிறதே, நூலையா தொட்டுக்கொள்வது?