பாட்டி சொன்னால் அது சாட்சிதான்

கீழ்ப்பழனி மலை ஊர்களில், காட்டில் வாழ்பவர்கள் தங்கள் உரிமையைக் கேட்கும் வன உரிமை மனு எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் முதலில் வருகிறது: “ஆதாரம் இருக்கா?” கேட்பவருக்கு வேண்டியது காகிதம். பட்டா, ரசீது, எதிலாவது ஒரு முத்திரை. எதிரே இருக்கும் பளியர் பழங்குடிப் பாட்டிக்கோ தன் அப்பா தேன் எடுத்த பாறை தெரியும், வள்ளிக்கிழங்கு தோண்டிய சரிவு தெரியும், யாரை எங்கே புதைத்தார்கள் என்று தெரியும். அதெல்லாம் வெறும் பேச்சு, ஆதாரம் ஆகாது என்று சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு இதில் ஆற்றாமையும் கோபமும் உண்டு. அந்தப் பேச்சு ஆதாரம் ஆகும். சட்டப்படியும் ஆகும், நம் மொழியின் வழக்கப்படியும் ஆகும்.

சாட்சி என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். ‘சாக்ஷின்’ என்பதற்குள் கண் இருக்கிறது. நேரே பார்த்தவர் என்றுதான் பாணினியின் இலக்கணமே அதற்குப் பொருள் சொல்கிறது. தமிழில் அதற்கு முன்பிருந்தே ‘கரி’ என்றொரு சொல் இருந்தது. குறளில் அதைப் பார்க்கலாம். அருள் உள்ளவர்க்குத் துன்பமில்லை, அதற்குக் காற்று உலவும் இந்தப் பெரிய உலகமே சாட்சி என்கிறார் வள்ளுவர்: “வளிவழங்கும் மல்லன்மா ஞாலங் கரி.” பொய்ச்சாட்சி சொல்பவருக்குப் ‘பொய்க்கரியாளர்’ என்று பெயர். புகாரின் சதுக்கப் பூதம் பிடித்துத் தின்னும் குற்றவாளிகளில் அவர்களையும் சேர்த்திருக்கிறது சிலப்பதிகாரம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது கலித்தொகையில் வரும் ஓர் உவமை. பொய்க்கரி சொன்னவன் கீழே உட்கார்ந்தால் அந்த மரம் வாடிப்போகுமாம். மரத்தடியில் நின்று ஒருவர் சொன்ன சொல்லுக்கு அத்தனை கனம் கொடுத்த சமூகம் இது.

காகிதம் மட்டும் தானாகவா நிற்கிறது? பழைய கல்வெட்டு ஆவணங்களின் கடைசியில் “இப்படி அறிவேன்” என்று ஒவ்வொருவராகச் சொல்லிக் கையெழுத்திட்டிருப்பார்கள். எனக்குத் தெரியும், நான் பொறுப்பு என்று நான்கு பேர் சொன்ன பிறகுதான் அது ஆவணம். இன்றைக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து இல்லாமல் ஒரு கிரயம் முடியாதே.

திருவிளையாடற் புராணத்தின் கடைசிப் படலம் பலருக்குத் தெரிந்திருக்கும். திருப்புறம்பயத்தில் நடந்த கல்யாணத்துக்கு ஆள் சாட்சி இல்லை. அங்கிருந்த வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் மதுரைக்கே வந்து அந்தப் பெண்ணுக்காகச் சாட்சி நின்றன. திருப்புறம்பயத்துச் சிவனுக்குச் சாட்சிநாதர் என்றே பெயர். இனி 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்துக்கு வருகிறேன். அதன் விதிகளில் 13ஆவது விதி எவையெல்லாம் சான்று என்று வரிசையாகச் சொல்கிறது. கிணறு, புதைகுழி, சாமி இருக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கின்றன. மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலமும் இருக்கிறது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. 2012இல் வந்த திருத்தம் இன்னும் தெளிவானது: இந்த வகை ஆவணம்தான் வேண்டும் என்று மனுவைப் பரிசீலிக்கும் கோட்ட, மாவட்டக் குழுக்கள் அடம்பிடிக்கக் கூடாது.

ஆக, “பாட்டி சொல்றதெல்லாம் கணக்கில் வராது” என்பவர் சட்டத்தைப் படிக்காமல் பேசுகிறார்.

சாட்சி சொல்வது லேசான காரியம் என்று நான் சொல்லவில்லை. கிரேக்கத்தில் சாட்சி என்று பொருள்படும் ‘மார்த்துஸ்’ என்ற சொல்தான், விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்களைக் குறிக்கும் சொல்லாக மாறியது. கொடைக்கானல் தேவாலயங்களில் ‘இரத்தசாட்சி’ என்று நாம் கேட்பது அதைத்தான். கண்டதைச் சொல்வதற்கு எப்போதும் ஒரு விலை இருந்திருக்கிறது. நாளைக்கும் அதே காட்டுக்குள் தேனுக்கும் கிழங்குக்கும் போக வேண்டியவர், சீருடைக்காரர் முன்னால் வாய் திறக்கத் தயங்குவார்தானே? அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிட்டு “இவங்களுக்கே ஒண்ணும் தெரியலை” என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வன உரிமைக் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர்கள் நடமாட்டமாக இருக்கும்போதே அவர்களோடு அந்த இடங்களுக்கு நடந்து போங்கள். அவர்கள் சொல்வதை அலுவலகத் தமிழுக்கு மாற்றாமல், சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். சட்டம் வரம்பாக வைத்திருக்கும் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கே இருந்தார்கள் என்பது அதில் தெளிவாக வர வேண்டும். எழுதியதை ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே கைநாட்டு வாங்குங்கள். விதி ஒன்றுக்கு மேற்பட்ட சான்று கேட்கிறது. அதனால் கிணற்றையும் புதைகுழியையும் சாமி மரத்தையும் படம் எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள். ஒரு நகலை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.