மூன்று வளையங்கள் பீரங்கி வாய் அல்ல

ஜெர்மன் எஃகு, பீரங்கி ஆலை அதிபர் ஆல்ஃபிரட் குருப் பற்றிய உங்கள் கட்டுரைக்கு நன்றி. ஒரு திருத்தம் மட்டும். அவருடைய குருப் நிறுவனச் சின்னத்தில் உள்ள மூன்று வளையங்கள் பீரங்கியின் வாய் என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அவை ரயில் சக்கரத்தின் மேல் மாட்டும் எஃகுப் பட்டைகள். ஒட்டுப்போடாமல் ஒரே வளையமாக அதைச் செய்யும் முறையை 1850களில் அவர் கண்டுபிடித்தார். பீரங்கிப் பெயர் பிறகுதான் பெரிதாக வந்தது. அதற்கு முன்பே காசு கொட்டியது ரயில்வேயில்.

1826இல் அப்பா கடனை வைத்துவிட்டு இறந்தபோது இவருக்கு வயது 14. அங்கிருந்து 1887இல் சாகும்போது ஏறக்குறைய 20,000 தொழிலாளர்கள்!

தொழிலாளர் நலன் பற்றிப் புகழ்ந்திருக்கிறீர்கள், சரி. ஆலை இருந்த எஸ்ஸன் நகரில் வீடு, மருத்துவ நிதி, மலிவுக் கடை எல்லாம் கொடுத்தார்தான். ஆனால் வேலையை விட்டால் வீடும் போகும். 1877இல் தொழிலாளர்களுக்கு எழுதிய அறிக்கையில், அரசியல் உங்கள் வேலை இல்லை, குடும்பத்தைப் பாருங்கள் என்ற தொனியில் உபதேசம் வேறு. சோஷலிஸ்டுகள் என்றாலே அவருக்கு ஆகாது. பண்ணையார் நெல் அளந்து கொடுத்த கதைதான், எஃகு ஆலையில்.

அவருடைய ஹ்யூகல் மாளிகைக்கு 269 அறைகளாம். தீ பயத்தில் மரத்தை முடிந்தவரை தவிர்த்துக் கல்லும் இரும்புமாகக் கட்டிக்கொண்டார். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாமே?