கர்மா பார்த்துக்கொள்ளும் என்று சொல்வதற்கு முன்னால்

கொஞ்ச நாளாக நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. கர்மா என்று ஒன்று உண்டா, நல்லது செய்தவனுக்கு நல்லது நடக்குமா என்று. ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். தம்பி சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கியவர் கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து படுத்த கதை, மாமியாருக்குச் சோறு போடாமல் துரத்தியவளை அவள் மருமகள் துரத்திய கதை. எல்லாக் குடும்பத்திலும் இப்படி இரண்டு கதை இருக்கும். ஆனால் ஏமாற்றி வாங்கிய அதே சொத்தில் வீடு கட்டி, தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, பேரன் பேத்திகள் சுற்றி நிற்க நிம்மதியாகக் கண்ணை மூடியவர்களும் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுகிறோம்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நம்புகிறவர்களோடு சண்டையும் இல்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தனக்கு வந்த கஷ்டத்தைப் பற்றி ஒருவர் "என் தலைவிதி, நான் செய்த வினை" என்று சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். என் அம்மா அப்படிச் சொல்கிறவர்தான். அப்பா போன பிறகு கடன்காரர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது, "அனுபவிக்கணும்னு இருக்கு, அனுபவிச்சுத் தீர்ப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வேலையைப் பார்க்கப் போனார். அந்த வார்த்தைதான் அன்றைக்கு அவரை நிற்க வைத்தது. அதைப் பிடுங்குவதற்கு நான் யார்?

அதே வார்த்தையை அடுத்தவர் கஷ்டத்தின் மேல் சொல்லும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் உறவில் ஒரு பெண் குழந்தை டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனது. நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தது. துக்கம் விசாரிக்கப் போனபோது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள், உள்ளே கூடத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையின் அம்மா சுவரில் சாய்ந்து, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று தெரியாமல் இருந்தாள். வயதான அத்தை ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், ஆறுதலாகத்தான் சொன்னார்: "போன ஜென்மத்துல யாரு வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டோமோ, பச்ச மண்ணு மேல வந்து விடிஞ்சிருச்சு." அதுவரை எதற்கும் அசையாமல் இருந்தவள் அந்த ஒரு வார்த்தைக்கு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் பல மாதங்கள் கழித்து அவளே என்னிடம் கேட்டாள். "அண்ணா, வீட்டு வேலைக்கு வந்த அக்காவ ஒருநாள் ரொம்பத் திட்டி அனுப்பிட்டேன், அதுவா இருக்குமா? கல்யாணத்துக்கு முன்னாடி எங்கம்மாகிட்ட பேசாம இருந்தேனே, அதுவா?" குழந்தை போனது மட்டும் போதாதென்று, அதற்கு நாம்தான் காரணம் என்ற சுமையையும் தலையில் ஏற்றிக்கொண்டு அலைந்தாள். அந்தத் தெருமுனையில் பாதி கட்டி நிறுத்திய கட்டடம் ஒன்றில் மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதைப் பற்றி அந்த வீட்டுக் கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் அதிகம் கடிக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் பேச்சு நேராகப் போன ஜென்மத்துக்குப் போய்விட்டது.

ஏன் இப்படிப் பேசுகிறோம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். கெட்ட மனசு காரணம் இல்லை. பயம். ஒரு பாவமும் செய்யாத குழந்தைக்கு இது நடக்கலாம் என்றால் நாளைக்கு என் குழந்தைக்கும் நடக்கலாம். ஏதோ வினை இருந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் நான் தப்பித்தேன். 1960களில் அமெரிக்காவில் மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். ஒரு பெண் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின் அதிர்ச்சி வாங்குவதாகக் கல்லூரி மாணவிகளுக்குக் காட்டினார்கள். அவள் நடிக்கத்தான் செய்தாள், பார்த்தவர்களுக்கு அது தெரியாது. அவளை அதிலிருந்து விடுவிக்க வழி இருந்தபோது பார்த்தவர்கள் விடுவிக்கச் சொன்னார்கள். ஒன்றும் செய்ய முடியாது, இது இன்னும் தொடரும் என்ற நிலையில் வைத்தபோதோ, அவளையே மட்டமாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். இதில் அமெரிக்கா, இந்தியா என்று பெரிய வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்மிடம் அதற்கு ஒரு தத்துவமும் கையில் தயாராக இருக்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் இதில் சறுக்கலாம் என்பதற்கு 1934 ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் வந்த பூகம்பம் ஒரு சாட்சி. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், முங்கேர் நகரம் தரைமட்டமானது. காந்தி அப்போது தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் தென்னிந்தியாவில் இருந்தார். திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இந்தப் பூகம்பம் என்று பேசினார். தீண்டாமை பாவம் என்பதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. ஆனால் இடிபாட்டுக்குள் நசுங்கியவர்களில் தீண்டாமையை அனுபவித்தவர்களும் இருந்திருப்பார்களே, அவர்களுக்கு எதற்குத் தண்டனை? தாகூர் அப்போதே மறுப்பு எழுதினார். இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் இருக்க முடியும், அதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடக் கூடாது, இந்த மாதிரி வாதம் காந்தியின் எதிராளிகளுக்குத்தான் ரொம்பப் பொருந்தும், அவர்கள் இதே பூகம்பத்தைக் காட்டிக் காந்தியையும் அவர் ஆட்களையும் குற்றம் சொல்லலாமே என்று. அந்த மறுப்பைக் காந்தி தன் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டார், அந்தப் பெருந்தன்மைக்காக அவரை இன்னும் மதிக்கிறேன். தன் கருத்தை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. தாகூர் சொன்னதுதான் சரி. கர்மா என்பதை யார் வேண்டுமானாலும் யார் மேல் வேண்டுமானாலும் திருப்பலாம், அதற்கு ஆதாரமே தேவையில்லை.

இதை விடுங்கள், தொழுநோயை எடுத்துக்கொள்வோம். பாவத்தின் சம்பளம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி ஊருக்கு வெளியே தள்ளினோம். அது ஒரு கிருமியால் வருகிறது என்று நார்வே மருத்துவர் ஹான்சன் 1873லேயே கண்டுபிடித்துவிட்டார். 1980களில் கூட்டு மருந்து வந்த பிறகு, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் குணமாகிற நோய் அது. அப்படியும் கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019 வரை நம் சட்டத்தில் இருந்தது. மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்துவிடும் ஒன்றுக்காக எத்தனை பேர் பெற்ற பிள்ளைகளைப் பார்க்காமல் கோயில் வாசலில் கிடந்து செத்திருப்பார்கள்!

2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளியில் தீ, 94 குழந்தைகள். சத்துணவுக் கூடத்தில் பிடித்த நெருப்பு கீற்றுக்கூரைக்குப் பரவியது, ஒடுக்கமான வழியில் பிள்ளைகள் வெளியே வர முடியவில்லை. அத்தனை குழந்தைகளும் சேர்ந்து போன ஜென்மத்தில் ஒரே பாவத்தைச் செய்தார்களா? அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரையை அகற்ற உத்தரவு போட்டார்கள். அது வினைப்பயன் என்று எல்லோரும் நிஜமாகவே நம்பியிருந்தால் கூரையை எதற்கு மாற்ற வேண்டும்?

சரி, கெட்டவனுக்குத் தண்டனை என்ற பக்கத்துக்கு வருகிறேன். "கர்மா சும்மா விடாது" என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் வாச்சாத்தி வழக்கை ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும். 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம், அரூர் பக்கத்தில் ஒரு மலைவாழ் மக்கள் கிராமம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே போனார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள், மக்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், குழந்தைகளையும் சேர்த்துச் சிறைக்கு அனுப்பினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அவர்கள் செய்த மேல்முறையீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023ல் தள்ளுபடி செய்தது.

பத்தொன்பது வருஷம். அந்தப் பத்தொன்பது வருஷமும் கர்மா என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கிறேன். தீர்ப்புக்கு முன்பே இறந்த 54 பேர் தண்டனை என்ற ஒன்றையே பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சப்பேர் மாட்டியது எப்படி? அந்தப் பெண்கள் வாய்திறந்து சொன்னதால். அடையாள அணிவகுப்பில் நின்று, இவன்தான் என்று கையைக் காட்டியதால். மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் விடாமல் கோர்ட்டுக்கு அலைந்ததால். அவர்கள் மட்டும் "கடவுள் பார்த்துக்குவார்" என்று வீட்டில் இருந்திருந்தால் அந்த 215 பேரும் பதவி உயர்வு வாங்கி, பென்ஷன் வாங்கி, யாருக்கும் தெரியாமலே முடிந்திருக்கும். கர்மா பார்த்துக்கொள்ளும் என்ற வாக்கியம் பாதிக்கப்பட்டவனைவிடத் தப்பு செய்தவனுக்குத்தான் அதிகம் உதவுகிறது. புகார் கொடுக்கப் போகிறவனை அது பாதி வழியில் உட்கார வைக்கிறது.

இங்கே எப்போதும் ஒரு கேள்வி வரும், அந்தப் பயம்கூட இல்லாவிட்டால் மனுஷன் என்னதான் செய்ய மாட்டான் என்று. பயம் இருக்கிறவர்கள் செய்யாமலா இருக்கிறார்கள்? லஞ்சம் வாங்கிய கையோடு பரிகாரத்துக்குக் கிளம்புகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? எதையும் கழித்துக்கொள்ள ஒரு பரிகாரம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பயத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

நம் முன்னோர்கள் எல்லோரும் வினைப்பயனை நம்பியவர்கள் என்று இன்னொரு பேச்சு. நிறையப் பேர் நம்பினார்கள், உண்மைதான். கோவலன் வெட்டுப்பட்டதற்கே முற்பிறப்புக் கதை சொல்கிறது சிலப்பதிகாரம். ஆனால் புறநானூற்றில் 134வது பாட்டைப் பாருங்கள், ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பற்றி உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடியது.

"இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்எனும்
அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்"

இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற வியாபாரி அல்ல எங்கள் ஆய், சான்றோர் போன வழி இது என்பதால் கொடுக்கிறான் என்று முடிக்கிறார். கர்மாவுக்காக நல்லது செய்கிறவனுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவர் பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! யாராவது என்னிடம் நம் மரபு, பண்பாடு என்று ஆரம்பித்தால் நான் இந்த நாலு வரிப் பாட்டைத்தான் எடுத்து வைப்பேன்.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அர்த்த ராத்திரியில் பிரசவ வலி, நெஞ்சு வலி என்று யார் கதவைத் தட்டினாலும் லுங்கியோடு வண்டியை எடுப்பார், பிரசவத்துக்குப் போகிற சவாரிக்குக் காசு வாங்க மாட்டார். போன வருஷம் ஒரு தண்ணீர் லாரி இடித்துக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. பிளேட் வைத்தார்கள். வண்டித் தவணை நின்றது, மகளின் கல்லூரிக் கட்டணம் நின்றது. பார்க்கப் போனவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, "இவ்வளவு நல்லது செஞ்ச உனக்கா இப்படி" என்று அங்கலாய்த்தார்கள். அவர் சொன்னார்: "அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? லாரிக்காரன் ராங் சைடுல வந்தான்."

நான் இவ்வளவு நேரம் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

தெருவில் பணம் திரட்டினோம். அவர் வண்டியில் ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்துவந்த ஒரு குடும்பம் கதவைத் திறக்கவே இல்லை. மூன்றாவது வீட்டில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை, ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்லது செய்தால் திரும்பி வருமா என்று கேட்டால் நான் பார்த்தது இதுதான்: சில சமயம் வரும், மனுஷர்கள் கொண்டுவந்து கொடுத்தால் வரும், கொடுத்தவனே திருப்பித் தருவான் என்று இல்லை. யாரும் கொடுக்கவில்லை என்றால் வராது, எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் வராது.

அண்ணன் இப்போது பகலில் மட்டும் கொஞ்ச நேரம் ஓட்டுகிறார். மகளுக்கு அடுத்த பருவத்துக்கான கட்டணம் இன்னும் பாக்கி இருக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு உள்பெட்டியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.