கூப்பிட்டுவிட்டு நடுவீதியில் விட்டுப் போகாதீர்கள்

கொழும்பில் சைக்கிள் ஓட ஆசைப்படுகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் உடனே வருகிற பதில், "ஏதாவது ஒரு குழுவில சேருங்கோ" என்பதுதான். சரி, சேருகிறோம். எந்தக் குழுவில்? ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்குச் சுதந்திர சதுக்கத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். "புதியவர்களும் வரலாம், மெதுவாகத்தான் போவோம், ஒருத்தரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம்" என்று முதல் நாளே வட்ஸ்அப்பில் போட்டிருப்பார்கள். அதை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் நித்திரையை விட்டு எழும்பிப் போகிறோம். ராஜகிரிய மேம்பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் அந்த வாக்கு காற்றோடு போய்விடுகிறது. முன்னால் சிவப்பு லைட்டுகள் சின்னதாகிச் சின்னதாகிக் கண்ணுக்கே தெரியாமல் போகும். விடிந்தும் விடியாத நேரம், வீதியில் நாங்கள் மட்டும், பக்கத்தில் நாய்கள்.

மெதுவாகத்தான் போவோம் என்றால் எவ்வளவு மெதுவாக? அதை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மணிக்கு 28 கிலோமீட்டர் போகிறவருக்கு 25 மெதுவாகத்தான் தெரியும். முன்னால் கூடை வைத்த, கியரே இல்லாத சைக்கிளில் வருகிற எனக்கு 15, 16தான் வசதியான வேகம். இது குறையும் இல்லை, சோம்பலும் இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 20இல் போகிறவர் 30இல் போனால், காற்று அவரை இரண்டே கால் மடங்கு எதிர்க்கும். குனிந்து ஓட்டுகிற ரேஸ் சைக்கிள்காரருக்கு அது குறைவு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அது நெஞ்சில் முட்டும். கூட்டத்துக்குள் ஒருவர் பின்னால் ஒருவராகப் போனால் அந்தப் பாரம் நன்றாகக் குறையும். கூட்டத்தை விட்டுப் பிந்தினவருக்கோ அந்த உதவியும் போய்விடும். ஏற்கெனவே களைத்தவர்தான் தனியாகக் காற்றையும் கிழிக்க வேண்டும். இதெல்லாம் பல வருடமாக ஓடுகிற அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. பத்தரமுல்லையில் தியத்த உயனவுக்குக் கிட்ட நின்று எல்லோரையும் சேர்த்துக்கொள்வார்களாம். நிற்கிறார்கள்தான். நான் போய்ச் சேரும்போது அவர்கள் வாழைப்பழம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, வியர்வையும் காய்ந்து நிற்பார்கள். நான் வந்து ஒரு காலை நிலத்தில் ஊன்றுவேன். போத்தல் மூடியைத் திறந்திருக்க மாட்டேன். "எல்லாரும் வந்தாச்சு, போவோம்!" சப்பாத்துகள் பெடலில் டக் டக்கென்று பூட்டுகிற சத்தம். போய்விட்டார்கள். யோசித்துப் பாருங்கள், வேகமாக ஓடுகிறவருக்குப் பத்து நிமிட ஓய்வு. மெதுவாக ஓடுகிறவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கடைசியாக வந்தவர் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, தலையை ஆட்டின பிறகுதானே மற்றவர்கள் கிளம்ப வேண்டும்? இவ்வளவு சின்ன மரியாதைக்குப் பயிற்சியா வேண்டும்?

ஒருநாள் அந்தக் குழுவை நடத்துகிறவரிடம் நேராகவே கேட்டேன். "நங்கி, முதலில் தனியாக ஓடிப் பழகிவிட்டு வாங்க" என்றார், நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. பக்கத்தில் நின்ற தமிழ் அண்ணா ஒருவர், உதவுகிற எண்ணத்தில்தான், "தங்கச்சி, உந்தச் சைக்கிளுக்கு இது சரிவராது, நல்லதொண்டு வாங்கிட்டு வாங்கோ" என்றார். நல்ல சைக்கிள் என்று அவர் சொன்னதன் விலை, வெள்ளவத்தையில் என்னுடைய பல மாத வாடகை. பொழுதுபோக்குக்குச் சைக்கிள் ஓட வந்தவளிடம் இதைக் கேட்பது என்ன நியாயம்?

தனியாகப் பழகட்டாம். எங்கே பழகுவது? காலி வீதியில் ஒன்றையொன்று முந்துகிற தனியார் பஸ்கள் இடப்பக்கமாக வந்து சடக்கென்று பிரேக் போடும், அந்த இடப்பக்கம்தான் சைக்கிள் போகிற இடம். மரைன் டிரைவில் கொஞ்சம் நிம்மதி என்று இறங்கினால், பாதி தூரத்துக்குக் கார்கள் வரிசையாக நிற்கின்றன, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. இருட்டில் ஒரு பெண் தனியாகப் போனால் பக்கத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருகிற முச்சக்கர வண்டியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, பெண்களுக்குத் தெரியும். வெயிலுக்கு முதல் ஓட வேண்டுமென்றால் இருட்டில்தான் கிளம்ப வேண்டும், எட்டு மணிக்குப் பிறகு இந்த ஊரின் வெக்கையில் ஓட முடியாது. இதற்காகத்தான் குழுவே தேவைப்படுகிறது. பத்துப் பேர் சேர்ந்து போனால் பஸ்காரனுக்குக் கண்ணில் படும். டியூப் வெடித்தால் பக்கத்தில் ஆள் இருக்கும். நன்றாக ஓடுகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது, அது அதிகமாகத் தேவைப்படுகிறவர்களுக்கு இல்லை.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் படித்த காலம் பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, ஊரே சைக்கிளில்தான். டியூசன் முடிந்து ஐந்தாறு பெட்டையள் அக்கம்பக்கமாகக் கதைத்துக்கொண்டே வீடு வருவார்களாம். ஒருத்தியின் செயின் கழன்றால் எல்லோரும் இறங்கி நிற்பார்கள். யாரும் யாரையும் தேர்வு வைத்துச் சேர்க்கவில்லை. கதைக்கக்கூடிய வேகம், அவ்வளவுதான் கணக்கு. மூச்சு முட்டாமல் கதைக்க முடிகிற அளவு உழைப்புத்தான் உடம்புக்கு மிதமான உடற்பயிற்சி என்று இன்றைக்கு வைத்தியர்களும் சொல்கிறார்கள். அந்த ஊரிலிருந்து வந்த எத்தனையோ பேர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடிகளில் இருக்கிறோம். 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது இதே ஆட்கள் சைக்கிள் வாங்கினார்கள், வேலைக்கும் போனார்கள். இப்போது அந்தச் சைக்கிள்கள் கீழே கார் தரிப்பிடத்தில் பூட்டோடு நிற்கின்றன, உப்புக் காற்றில் செயின் செம்மண் நிறமாகி இறுகிப்போய்விட்டது. என் கட்டடத்திலேயே நிற்கிறது, நாளும் பார்க்கிறேன். கூட வர ஆள் இருந்திருந்தால் அவர்களில் பாதிப் பேராவது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

வேகமாக ஓடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஓடட்டும், நன்றாக ஓடட்டும். ஆனால் 30இல் போகிற குழு 30 என்று எழுதிவிடட்டும், நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். புதியவர்களைக் கூப்பிட்டால் மட்டும் சில விஷயங்களை வாயால் சொல்லாமல் எழுத்தில் போடுங்கள்: வேகம் எத்தனை, தூரம் எத்தனை, எங்கே நிற்பீர்கள், கடைசி ஆளுக்குப் பின்னால் உங்களில் யார் வருவார். அப்படிப் பின்னால் வர வேண்டியவர் முன்னால் ஓடிவிட்டால் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். தகவல்களைச் சிங்களத்தில் மட்டும் குரல் பதிவாக அனுப்பாமல் தமிழிலும் இரண்டு வரி தட்டிவிடுங்கள், என் சித்தி மாதிரி ஆட்களும் வருவார்கள்.

இதை வாசிக்கிற யாருக்காவது வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் 15இல் ஓடுகிற, கதைத்துக்கொண்டு ஓடுகிற ஒரு குழு தெரிந்தால் இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். இந்த ஞாயிறே வருகிறேன். வருவதற்கு முதல் ஒன்றுதான் கேட்பேன்: கடைசியில் யார் வருகிறார்?