பத்தில் ஒருவர்கூட ராணுவத்தை நம்பவில்லையா?

"அமெரிக்காவில் அரசியல்வாதி, ஊடகம், ராணுவத் தளபதி மூவரையும் பத்தில் ஒருவர்கூட நம்புவதில்லை, கேலப் கணிப்பு சொல்கிறது" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. பாதி சரி, பாதி தவறு. பாதி சரியாக இருப்பதால்தான் நம்பும்படி இருக்கிறது.

நிறுவனங்கள் மீதான நம்பிக்கையை அமெரிக்கக் கருத்துக்கணிப்பு அமைப்பான கேலப் 1973 முதல் கேட்டு வருகிறது. 2024ஆம் ஆண்டுக் கணிப்பின்படி நாடாளுமன்றத்துக்கு 9 சதவீதம், தொலைக்காட்சிச் செய்திக்கு 12, நாளிதழ்களுக்கு 18. மோசம்தான். ஆனால் ராணுவத்துக்கு 61 சதவீதம்! பட்டியலில் அதைவிட மேலே இருந்தது சிறுதொழில் மட்டுமே.

சரி, ராணுவத்துக்குச் சரிவே இல்லையா? இருக்கிறது. 2018இல் 74ஆக இருந்தது. ஆனால் 1981இல் வெறும் 50. வளைகுடாப் போர் முடிந்த 1991இல் 85 வரை போனது. ஏறி இறங்கும் எண் அது. அப்புறம், கேள்வி ராணுவம் என்ற நிறுவனத்தைப் பற்றியது. தளபதிகளைத் தனியாக அது கேட்பதில்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. 'மிக அதிகம்', 'ஓரளவு அதிகம்' என்றவர்களை மட்டும் கூட்டித்தான் இந்தச் சதவீதம் வருகிறது. 'கொஞ்சம்' என்று பதில் சொன்னவர் இதில் சேரமாட்டார். அதற்காக அவர் அறவே நம்பாதவர் என்று ஆகிவிடாது. ஃபார்வர்டை எழுதியவர் இந்த இடத்தில்தான் வழுக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கேலப் தளத்தில் 'நிறுவனங்கள் மீதான நம்பிக்கை' பக்கத்தில் ஆண்டுவாரியாக எல்லா எண்களும் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் 61 என்ற எண்ணை மட்டும் சொல்லுங்கள்.