யூரினில் இருக்கும் புரதமெல்லாம் எதிரி இல்லை

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யூரினில் புரதம் போனால் சிறுநீரகக் கல் வருமாம். அதனால் பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமாம். எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறீர்கள்! மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

சாப்பிடுகிற புரதம் வேறு. சிறுநீரக வடிகட்டி பழுதாகிக் கசிகிற ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் வேறு. சிறுநீரகமே செய்து யூரினில் விடுகிற புரதம் வேறு. மூன்றையும் ஒன்றாக்கிப் பயமுறுத்தாதீர்கள்.

அந்த மூன்றாவதன் பெயர் யூரோமோடுலின். 1950இல் டாம், ஹார்ஸ்ஃபால் இருவரும் பிரித்தெடுத்தார்கள். நோயில்லாதவர் யூரினில் மிக அதிகமாக இருக்கும் புரதமே இதுதான். கல்லாகிற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுக்கும். பொடிப் படிகம் பெரும்பாலும் யூரினோடு போய்விடும், கட்டியானால் தங்கிவிடும். இந்தப் புரதத்துக்கான ஜீனை நீக்கிய எலிகளின் சிறுநீரகத்தில் கால்சியப் படிகங்கள் சேர்ந்தன. ஆஸ்டியோபான்டின் என்று இன்னொன்று, படிகம் வளர்வதையே மட்டுப்படுத்தும். காவல் காக்கிறதைப் போய்த் திருடன் என்கிறீர்கள்.

“கல்லுக்குள்ளேயே புரதம் இருக்கிறதே?” என்பீர்கள். இருக்கிறது, எடையில் சுமார் 2 முதல் 3 சதவீதம். யூரின் கெட்டியாகி, அமிலத்தன்மை கூடி, உப்பும் கால்சியமும் ஏறினால் யூரோமோடுலின் தானே திரண்டு தடுக்கும் சக்தியை இழக்கும். படிகங்களைச் சேர்த்து ஒட்டவும் செய்யும். நான் மறைக்கவில்லை. ஆனால் யூரினைக் கெட்டியாக்கியது பருப்பா? குடிக்காமல் விட்ட தண்ணீர்.

கறியை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் யூரினில் கால்சியமும் யூரிக் அமிலமும் கூடும், கல்லைத் தடுக்கும் சிட்ரேட் குறையும். கறியைக் குறைக்கச் சொல்லுங்கள், சரி. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு டாக்டர் சொல்லும் கட்டுப்பாடும் வேறு.

பாலை ஏன் நிறுத்தச் சொன்னீர்கள்? என் கோபமே அங்கேதான். சாப்பாட்டில் வரும் கால்சியம் உணவிலிருக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். பாலை விட்டால் அந்த ஆக்சலேட் ரத்தத்தில் ஏறி யூரினில் இறங்கும். ஒருமுறை வலியில் புரண்டவர், பயந்து பாலை விட்டு, மறுபடி கல்லோடு வந்து படுப்பார். வயிறு எரிகிறது.

யூரினில் நனைத்துப் புரதம் பார்க்கும் ஸ்டிரிப் பெரும்பாலும் ஆல்புமினைத்தான் காட்டும். பிளஸ் வந்தால், எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பாருங்கள், அது வேறு விசாரணை. கல் வந்தவர்கள் நாளைக்கு இரண்டரை லிட்டர் யூரின் போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள். வெளியே விழுந்த கல்லை வடிகட்டி எடுத்து லேபுக்குக் கொடுங்கள்.

பகிர்ந்தவர்களே, உங்கள் பேச்சைக் கேட்டு வீட்டில் யாராவது பால், பருப்பை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.